பிரேக் திரவம் மாற்றப்பட்டது

அன்று பட்டறையில் இருந்தவர்கள் நான்கு பேர். முதலாளி ரான்டி, முகப்பு மேசையில் கணினி முன்னால். மெக்கானிக் ஷெல், வெள்ளிக்கிழமை வழக்கப்படி எல்லோருக்கும் வாஃபிள் சுட்டுக்கொண்டு. இன்னொரு மெக்கானிக் அர்வித், கழுவி முடித்த கையை மறுபடியும் கழுவிக்கொண்டு. வாடிக்கையாளர் நாற்காலியில் ஓட்வார், குல்லாயைக் கழற்றாமல். வேறு யாரும் இல்லை.

அப்போதுதான் சாவிப் பெட்டியில் ஏதோ விழுந்தது.

பட்டறை திறக்குமுன் வண்டியை விட்டுப் போகிறவர்களுக்காகக் கதவில் ஒரு பிளவு வைத்திருந்தார்கள். சாவியை உறையில் போட்டுத் தள்ளினால் உள்ளே தகரப் பெட்டியில் விழும். மதியம், விளக்கெல்லாம் எரிய, கதவு பூட்டாமல் இருக்கும்போது அதில் யாரும் சாவி போடுவதில்லை. ஷெல் கரண்டியோடு போய் எட்டிப் பார்த்தான். வெளியே கும்மிருட்டு, துருவத்தை ஒட்டிய ட்ரோம்சோ நகருக்கு வடக்கே டிசம்பரில் மதியமும் அப்படித்தான். விளக்குக் கம்பத்தின் கீழே புதுப் பனி. அதில் ஒரு கால்தடமும் இல்லை.

"உள்ள வந்து ஒரு வாஃபிள் தின்னுட்டுப் போனா என்ன, கடிச்சா தின்னுடுவோம்?" என்று இருட்டைப் பார்த்துக் கத்திவிட்டு, பெட்டியிலிருந்த உறையை எடுத்து மேசைமேல் போட்டான். "சீ. ஒரே ஈரம்."

அந்தக் கடுங்குளிரில் வெளியிலிருந்து வந்த காகிதம் விறைத்திருக்க வேண்டும். இது சொட்டியது. மேசை விளிம்பு வழியாக நீர் இறங்குவதை அர்வித் பார்த்துக்கொண்டே இருந்தான். சோப்பு, பழைய எஞ்சின் எண்ணெய், சூடான வெண்ணெய் எல்லாவற்றையும் தாண்டி, படகுத்துறையின் உப்பும் பாசியும் கலந்த வாசனை அவன் மூக்கில் ஏறியது.

"நான் கேட்டதைக் கொஞ்சம் பாரும்மா," என்றார் ஓட்வார். உறை அவர் கண்ணில் படவேயில்லை. "எம் பொண்டாட்டி சுன்னிவா வண்டியோட சர்வீஸ் விவரம். முன்னெல்லாம் முத்திரை குத்தின புத்தகம் வண்டிக்குள்ளயே கிடக்கும். அவளோட பையெல்லாம் திருப்பிக் குடுத்தாங்க, புத்தகம் மட்டும் இல்ல."

"புத்தகமே கிடையாது ஓட்வார். எல்லாம் கம்பெனி சர்வருக்குப் போயிடும். ஒருதடவை அனுப்பிட்டா நானே நெனச்சாலும் திருத்த முடியாது." ரான்டி திரையை அவர் பக்கம் திருப்பினாள். "இதான் கடைசி. அக்டோபர்ல. எண்ணெய், ஃபில்டர், குளிர்கால டயர், பிரேக் திரவம். எல்லாத்துக்கும் டிக் இருக்கு பாருங்க. போலீஸும் இதைத்தான் பார்த்தாங்க. இன்ஷூரன்ஸ்காரனும் இதைத்தான் பார்த்தான்."

வேறு எதையும் பார்க்க வழியில்லை. சுன்னிவாவோடு கடலில் விழுந்த அந்த நீல வண்டியைக் கடலடிப் பாறையிலிருந்து கிரேன் தூக்கியபோது, உடைந்த பிரேக் குழாய்களில் உப்புநீர்தான் இருந்தது. அதற்கு முன்னால் என்ன இருந்தது என்பதற்கு அந்தத் திரை ஒன்றுதான் சாட்சி.

ஓட்வார் திரும்பினார். "தம்பி, நீதானே செஞ்சே? பிரேக் நல்லாத்தானே இருந்துச்சு?"

அர்வித் குழாயை மூடினான். "நல்லாத்தான் இருந்துச்சு."

"அப்பச் சரி." கொஞ்ச நேரம் குல்லாயின் ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்தார். "அப்ப அவளாத்தான் வண்டியைக் கடலுக்குள்ள விட்டிருக்கா. ஊர்ல பேசிக்கிறது சரிதான், பிரேக் போட்ட தடமே இல்லையே. பொண்ணு ஃபோன்ல அழறா, அம்மாவுக்கு அப்படி என்னப்பா கொறைன்னு. அன்னிக்குக் காலையில விறகு வெட்டுற விஷயத்துல நான் ஒரு வார்த்தை கூடுதலாப் பேசிட்டேன். அதுக்காகவா போனா?"

ஷெல் ஒரு வாஃபிளில் பழுப்புச் சீஸ் வைத்து நீட்டினான். ஓட்வார் அதை வாங்கிக்கொண்டு, கடிக்காமல், கையில் பிடித்தபடியே இருட்டுக்குள் போனார்.

ஒரு வாக்கியம் போதும். அர்வித் அதைச் சொல்லவில்லை.

அக்டோபரில் முதல் பனி விழுந்ததும் ஊரே, பனியில் வழுக்காதிருக்க, ஆணி பதித்த டயர் மாட்ட வந்து நிற்கும். வேலைச்சீட்டில் எல்லா வரிகளுக்கும் டிக் விழாமல் கணினி பில் போடாது. அதனால் அந்தப் பருவத்தில் பட்டறையில் எல்லோருக்கும் ஒரு பழக்கம்: காலையிலேயே மொத்தமாக டிக் போட்டு அனுப்பிவிடுவார்கள், வேலையைப் பிறகு செய்வார்கள். செய்யாமல் விட்டதில்லை. சுன்னிவாவின் வண்டியில் அர்வித் சோதனைக் குச்சியைத் திரவத்துக்குள் விட்டபோது சிவப்பு விளக்கு எரிந்தது. நீர் கோத்துப்போன திரவம். சூடேறினால் கொதிக்கும், பிரேக் மிதி காலோடு தரைவரை போய்விடும், வண்டி நிற்காது. பார்த்தான். சாப்பிட்டுவிட்டு மாற்றலாம் என்று மூடினான். அதற்குள் அவள் வந்துவிட்டாள், கன்னம் சிவக்க, கையுறையை உதறிக்கொண்டு. "வீட்டுல விறகு டிரெய்லர் காத்துக்கிட்டிருக்கு, ஃபெரியைப் பிடிக்கணும். முடிஞ்சுதா?" அவன் திரையைப் பார்த்தான். திரையில் முடிந்திருந்தது.

"முடிஞ்சுது."

கடலோரம் இறங்கும் மலைச்சாலை முழுக்க, பின்னால் பூட்டிய டிரெய்லரின் விறகுச் சுமை தள்ளத் தள்ள, அவள் மிதித்துக்கொண்டேதான் வந்திருப்பாள். அது அவனுக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது.

வெள்ளிக்கிழமை அரைநாள்தான். ஓட்வார் போனதும் ரான்டி கோட்டை மாட்டிக்கொண்டாள். "அந்த உறை யாரோடதுன்னு பார்த்துட்டுப் பூட்டு. வெளிய புதுசா எந்த வண்டியும் காணோம்."

"மூஞ்சியை ஏன்டா செத்த மீன் மாதிரி வெச்சிருக்கே?" என்றான் ஷெல். "மிச்ச வாஃபிள் உனக்குத்தான். தின்னுட்டு உயிரோட திங்கக்கிழமை வா."

ரான்டி, ஷெல் இருவரின் வண்டிகளும் கிளம்பின. ஆணி டயர்கள் பனியை நெரித்துக்கொண்டு போகும் சத்தம் வளைவு வரை கேட்டுத் தேய்ந்தது. பிறகு வெப்பமூட்டியின் முனகல் மட்டும்.

உறையைப் பிரித்தான். சாவி. அதன் வளையத்தில் சிவப்புக் கம்பளி நூலில் பின்னிய சின்னப் பந்து, நீர் குடித்து உப்பியிருந்தது. அக்டோபரில் சுன்னிவா நீட்டியபோது அதை அவன் கையில் வாங்கியிருக்கிறான். அழகா இருக்கே என்றுகூடச் சொல்லியிருக்கிறான்.

திரை அணையாமல் இருந்தது. எண்ணெய், டிக். ஃபில்டர், டிக். டயர், டிக். பிரேக் திரவத்துக்கு எதிரே கட்டம் வெறுமையாக இருந்தது.

யாரும் திருத்த முடியாத பதிவு. உட்கார்ந்து, சுட்டியை நகர்த்தி, டிக் போட்டான். அனுப்பினான். பக்கம் ஒருமுறை மினுக்கிவிட்டுத் திரும்பி வந்தது. வெறுமை. மறுபடி போட்டான். மறுபடி வெறுமை. விசைப்பலகை ஈரமாக இருந்தது. அவன் விரலிலிருந்தா, அதற்குள்ளிருந்தா என்று தெரியவில்லை.

கைபேசியை எடுத்தான். ஓட்வாரின் எண் வாடிக்கையாளர் பக்கத்திலேயே இருந்தது. அவர் இந்நேரம் வீடு போய்ச் சேர்ந்திருப்பார், அந்த வாஃபிளைச் சமையலறை மேசையில் வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருப்பார். பொத்தான் மேல் கட்டை விரலை வைத்தான். வேலை போகும். வழக்கு வரும். ஊரில் தலை காட்ட முடியாது. விரலை எடுத்துவிட்டான்.

அந்த நேரத்தில் முதுகுக்குப் பின்னால், முகப்பறைக்கும் பட்டறைக் கூடத்துக்கும் நடுவேயிருந்த இரும்புக் கதவுக்கு அப்பால், வெளியே போகும் பெரிய ஷட்டர் இறங்கியபடியே இருக்க, ஆணி டயர்கள் காங்கிரீட் தரையில் உருளும் சத்தம் கேட்டது. வறுபடும் தானியம் பொரிவது போல, மெதுவாக, இடம் தேடி, நின்றது.

கதவைத் திறந்தான். வண்டிகளைத் தூக்கும் லிஃப்டுகளில் கடைசியில் அந்த நீல வண்டி. கூரை நெளிந்திருந்தது. கதவிடுக்குகளிலிருந்து நீர் வழிந்து வடிகாலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. முன்கண்ணாடி முழுக்க உள்பக்கமாக மூச்சுப் பட்டதுபோலப் பனித்திருந்தது. உள்ளே இருப்பது தெரியவில்லை.

ஓடியிருக்கலாம். வெளிவாசல் அவனுக்குப் பின்னால்தான் இருந்தது. ஆனால் அவன் மனம் வேறு பக்கம் போயிற்று. இப்போது செய்துவிட்டால்? டிக் முதலில், வேலை பிறகு. எத்தனை முறை அப்படிச் செய்திருக்கிறான். வேலை கொஞ்சம் தாமதம், அவ்வளவுதான். செய்து முடித்துவிட்டால் திரை சொல்வது உண்மையாகிவிடும். அவன் சொன்னதும் உண்மையாகிவிடும். யாரையும் கூப்பிட வேண்டாம்.

புதுத் திரவத்தை எடுத்துவந்தான். லிஃப்டை முழங்கால் உயரத்துக்கு ஏற்றினான். பின்சக்கரத்தைக் கழற்றினான். பிரேக் திருகில் மெல்லிய ரப்பர் குழாயை மாட்டி, மறு முனையைப் பாட்டிலுக்குள் விட்டான். பிரேக் குழாயில் உடைந்த இடத்தைத் தேடினான். இப்போது அது எங்கும் உடையவில்லை. முதுகில் வேர்வை. விரல்கள் மரத்திருந்தன.

இந்த வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து பிரேக்கை மிதிக்க வேண்டும். ஒருவர் கீழே திருகைத் திறக்க வேண்டும். கீழே இருப்பவர் குரல் கொடுப்பார். பழக்கம். நினைப்பதற்கு முன்பே வாய் சொல்லிவிட்டது.

"மிதி."

மேலே இருக்கை கிறீச்சிட்டது. மிதி இறங்கியது.

"பிடி."

பிடித்துக்கொண்டது. திருகைத் திறந்தான். குழாயில் பழுப்பாக ஏதோ ஓடியது. பாட்டிலில் விழுந்தது. ஒரு பாசி இழை சுழன்றது.

"விடு."

விட்டது.

தெளிய வேண்டும். தெளிந்தால் முடிந்தது. மிதி. பிடி. விடு. பாட்டில் நிறைந்தது. கொட்டினான். மிதி. பிடி. மறுபடி நிறைந்தது. உப்பு வாசனை. கொட்டினான். தெளியவில்லை. மிதி. குழாய் முழுக்கக் கடல். அவன் சொல்வதை நிறுத்தினான். மிதி நிற்கவில்லை. வேகமாக. இன்னும் வேகமாக. இறக்கத்தில் வருகிறவளின் கால். தரையைத் தொட்டது. தொட்டது. தொட்டது.

மண்டியிட்டிருந்த அவன் முழங்கால்களை நீர் மூடியது.

பிறகு நின்றது.

மேலிருந்து, கண்ணாடி இறங்கும் சத்தம். பெண் குரல். கோபமில்லை. அவசரம் மட்டும்.

"முடிஞ்சுதா?"

தொண்டையில் உப்பு. விழுங்கினான்.

"இல்ல," என்றான் அர்வித். "செய்யல. டிக் மட்டும்தான் போட்டேன். சிவப்பு எரிஞ்சுது, பார்த்தேன். நீங்க மிதிச்சீங்க. எனக்குத் தெரியும், நீங்க மிதிச்சீங்க."

கேட்பதற்கு ஓட்வார் இல்லை. ரான்டி இல்லை. யாரும் இல்லை.

ஓட்டுநர் கதவு திறந்தது. மண்டியிட்டபடி வண்டிக்கு அடி வழியாகப் பார்த்தவனுக்கு இரண்டு கால்கள் மட்டும் தெரிந்தன. கம்பளிக் காலுறை, ஒரு காலில் மட்டும் பூட்ஸ். அவை நீரில் இறங்கின, அவனைக் கடந்தன, முகப்பறையின் வெளிச்சத்தை நோக்கி நடந்தன. பக்கவாட்டில் ஒரு வெளுத்த கை ஆடிக்கொண்டு போயிற்று. அதில் சிவப்புக் கம்பளிப் பந்து.

எழ முயன்றான். நீர் இடுப்பளவு இருந்தது, ஏறிக்கொண்டும் இருந்தது.

வெளிச்சம் குறுகியது. கோடாயிற்று. அவளுக்குப் பின்னால் இரும்புக் கதவு சாத்திக்கொண்டது. அந்தப் பக்கத்திலிருந்து பூட்டில் சாவி திரும்பிற்று.