காருக்குள் சொன்ன வசனம்

"உன் காரை அந்தத் தயாரிப்பாளர் வீட்டு வாசல்ல பாத்திருக்காங்க அண்ணி! நாங்க தெருவுல நிக்கிறோம்... திருட்டுத்தனமா எழுதிக் குடுக்கிறது நீதானா?"

கொலீன் வைத்த வேகத்தில் கோப்பையிலிருந்த காபி மேஜையெங்கும் சிதறியது. எழுத்தாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கியதிலிருந்து அமெரிக்காவின் பர்பாங்க் ஸ்டூடியோ வாசலில் தினமும் பதாகை பிடித்து நடப்பவள் அவள். கூடவே அவள் அண்ணன் க்ளெனும் நடந்தான். மற்ற சேனல்கள் பழைய எபிசோடுகளையும் பரிசுப் போட்டிகளையும் போட்டு நாளை ஓட்ட, அண்ணனும் தங்கையும் எழுதிவந்த ஒரு மணி சீரியல் மட்டும் புதிதாக வந்துகொண்டே இருந்தது. 'நீங்க இல்லாமலே ஓடுது பாருங்க' என்று சேனல்காரர்கள் பேச்சுவார்த்தைக்கே வர மறுத்தார்கள்.

அண்ணி ரோண்டா புருஷனைப் பார்த்தாள். க்ளென் ஜன்னலைப் பார்த்தான்.

அவளும் ஒரு காலத்தில் அதே சீரியலுக்கு எழுதியவள்தான். மாமியார் வில்மா பக்கவாதத்தில் விழுந்தபோது, "நீ வேலைய விட்டுடேன்" என்று க்ளென் சொன்னான். விட்டாள்.

"ஆமா... நான்தான் எழுதினேன்," என்றாள்.

"அடிப்பாவி!" என்று கத்தினாள் வில்மா. "என் புள்ளைங்க மழையில நனையுதுங்க, நீ கூட இருந்தே குழி பறிச்சியா?"

ஒரு வார்த்தை... ஒரே ஒரு வார்த்தை க்ளென் பேசியிருக்கலாம்.

அன்று அண்ணனும் தங்கையும் ஸ்டூடியோ வாசலுக்குப் போகவில்லை. எந்த முகத்தோடு போவது? மதியம் வில்மா வழக்கம்போல டிவி முன்னால் உட்கார்ந்தாள். திரையில் ஒரு மகன் தாயிடம் சொன்னான்: "அப்பா போனதுக்கு அழுகையே வரலம்மா. இனிமே கராஜ் கதவு திறக்கிற சத்தம் கேட்டா ஓடி ஒளிய வேண்டாம்னு நிம்மதியா இருக்கு."

வில்மா டிவியை அணைத்தாள்.

"க்ளென்... உங்கப்பாவைப் புதைச்சிட்டு வரும்போது நீ எங்கிட்ட சொன்னதுடா இது. கார்ல நாம ரெண்டு பேர்தான் இருந்தோம்."

"சீரியல் ஒரு தடவை நின்னா திரும்ப வரவே வராதுன்னு மிரட்டினாங்கம்மா... பயந்துட்டேன்."

"என் வீட்டு ரணத்தை ஊரே வேடிக்கை பாக்க வித்துட்டியேடா!"

கொலீன் ரோண்டாவிடம் திரும்பினாள். "அப்ப நீ எதுக்கு அண்ணி அங்க போன?"

"உன் அண்ணனை விட்டுடச் சொல்லித் தயாரிப்பாளர்கிட்ட கெஞ்சப் போனேன். அந்தாளு சிரிச்சான்."

கொலீன் ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டு கதறினாள். நாத்தனாரின் முதுகைத் தடவிக்கொடுத்தாள் ரோண்டா. பிறகு மாமியாருக்கு மதிய மாத்திரையை எடுத்துக் கொடுத்தாள். வில்மா அந்தக் கையை விடவில்லை. "என்னை மன்னிச்சிடும்மா..."

"உங்க மேல கோவம் இல்ல அத்தை." மெல்லக் கையை விடுவித்துக்கொண்டு அறைக்குள் போனவள், பெட்டியோடு வெளியே வந்தாள்.

க்ளென் வழியை மறித்தான். "தப்புதான் ரோண்டா. அதுக்காகப் போயிடுவியா? ஸ்டூடியோ வாசல்ல கேட்டா நான் என்ன சொல்றது?"

"காலையிலதான் நான் உனக்காக ஒண்ணு சொன்னேன் க்ளென். இனி உன் வசனத்தை நீயே எழுதிக்கோ."

அவன் விலகி நின்றான்.