ஊறல் தொட்டிக்குப் போகும் குழாய்

பாய்லர் அடுப்பில் நெருப்பே இல்லை. குழாய் மட்டும் சுட்டது.

சாமிதுரை கையை உதறிக்கொண்டார். கூலிக்காரத் தெருவிலிருந்து முதன்முதலாக மில் முதலாளி ஆனவர். ஆகவே எல்லாம் தனக்குத் தெரியும் என்ற நினைப்பும் கூடவே வந்திருந்தது. நில உச்சவரம்புச் சட்டத்துக்குப் பயந்து மிராசுதார் நிலத்தோடு சேர்த்துக் கைகழுவிய அரிசி மில்லை வாங்கியிருந்தார். நெல் ஊறும் தண்ணீரில் நீராவியை நேராக விட்டால் சோறு நாறும், தொட்டிக்குள் குழாய்ச் சுருள் போட்டு அதற்குள்ளேயே பாய்லர் வெந்நீரைச் சுற்றவிட்டால் மணக்கும் என்று எங்கோ கேட்டுவிட்டு வந்து, திருத்துறைப்பூண்டியில் காதர் மைதீனின் குழாய்க் கடையைத் தலைகீழாக்கினார்.

“சுருளுக்குச் செம்புதான் சரி. சூட்டுல தண்ணி விரிஞ்சா வழிவிட சேப்டி வால்வு. பாய்லருக்குத் திரும்புற குழாய்ல ஒருவழி வால்வு, உள்ள போனது வெளிய வராது. குழாய் மாட்ட பாய்லர்ல புது வாய் வெட்டிக்குங்க முதலாளி” என்றார் காதர் மைதீன்.

“பழைய வாய் ஒண்ணு தகடு அடிச்சுக் கெடக்கே பாய், அதுக்கென்ன கேடு?”

“அது காத்தான் நின்ன பக்கம். வேணாங்க.”

காத்தான், கூலி உயர்வு கேட்டுக் கொடி பிடித்த பாய்லர்க்காரன். ஒருநாள் வேலைக்குப் போனவன் மில்லைவிட்டு வெளியே வரவில்லை. பினாங்குக்கு ஓடிவிட்டான் என்றார் மிராசுதார். மறுநாளே அந்த வாய்க்குத் தகடு அடித்தார். ஊரில் இதைச் சாமிதுரையிடம் சொல்லாதவர் யார்? மனுஷன் கேட்டால்தானே! தகட்டைக் கழற்றி, திரும்புகிற குழாயை அந்த வாயிலேயே மாட்டிவிட்டார்.

ஐப்பசி மழை. மதியமே மில்லுக்குள் இருட்டிவிட்டது. நனைந்த உமியின் புளித்த வாடைக்கு அடியில் வெந்த இறைச்சிபோல் வேறொரு வாடை எழுந்தது. காலித் தொட்டியைக் கழுவ இறங்கியிருந்த மனைவி அம்சத்தின் துடைப்பம் சரசரவென்று தேய்க்க, தகரக் கூரையில் மழை கொட்ட, இரண்டுக்கும் நடுவே ஒருவழி வால்வின் நாக்கு தக், தக்கென்று திறந்து மூடியது. தண்ணீர் ஓடினால்தான் அது திறக்கும். பம்பு ஓடவில்லை.

“அம்சம், மேல வா.”

“வரேன் இருங்க. அதுக்கு ஏன் காலப் புடிச்சு இழுக்குறீங்க?”

அவர் தொட்டிக்கு வெளியே நின்றிருந்தார்.

துடைப்பம் நின்றது.

ஏணியில் தாவி ஏறினார். எட்டிப் பார்த்தார். ஈரத் தரை. துடைப்பம். செப்புச் சுருள். வேறெதுவும் இல்லை.

தக். வால்வு மூடிக்கொண்டது.

“என்னங்க... ஒரே இருட்டா இருக்கே.”

குரல் தொட்டியிலிருந்து வரவில்லை. குழாய்க்குள்ளிருந்து வந்தது. வால்வுக்கு அந்தப் பக்கம், பாய்லர் பக்கம்.

ஸ்பானரை எடுத்துக்கொண்டு ஓடினார். வால்வைப் பிடித்தார். உள்ளங்கைத் தோல் பித்தளையில் ஒட்டிக்கொண்டது. திருகினார். அசையவில்லை.

“அம்சம்!”

“பக்கத்துல யாரோ இருக்காங்க.”

தண்ணீர் வடித்து வைத்திருந்த பாய்லரின் முகப்பில், நீர்மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாய். அதில் தண்ணீர் மெல்ல ஏறியது.

கூடவே முடி.

நீளமான முடி. மூன்று புரியாகப் பிரிந்து, யாரோ பொறுமையாக உட்கார்ந்து பின்னிவிடுவதுபோல், கண்ணாடிக்குள் தானே பின்னிக்கொண்டு மேலே ஏறியது.