மூன்றாம் கிரேடு மாமியார்

"பத்தாவதுகூட முடிக்காதவ நீ. மைக்ராஸ்கோப்ல கண்ண வச்சு என்னத்த பாக்கப் போற?"

வேலைக்குச் சேர்ந்த அன்று டாக்டர் கேட்ட கேள்வி.

நோயாளியின் திசுவை மெழுகில் பதித்து, மெல்லிசாகச் சீவி, கண்ணாடியில் ஏற்றுவது அவள் வேலை. லேப் முழுக்க அவளுக்குப் பெயரே 'மெழுகு'தான்.

இன்று டாக்டர் அறையில்... ஓர் அலறல்!

"ஐயோ! நான் ஒண்ணும் கலக்கலீங்க!"

மெழுகு எட்டிப் பார்த்தாள். ஒரு மாமியார். ஒரு மருமகள். நடுவில் மகன். எதிரே... இன்ஸ்பெக்டர்!

டாக்டர் ரிப்போர்ட்டை ஆட்டினார்.

"இந்தப் பொண்ணுக்கு சீலியாக் வியாதி. கோதுமைன்னா குடலுக்கு ஆகாது. ஒரு வருஷமா பத்தியம். இந்நேரம் குடலுக்குள்ள சதை விரல் விரலா நிமிர்ந்து நிக்கணும். பயாப்ஸிக்கு எடுத்த துணுக்குல மொட்டையா கெடக்கு! மூணாவது கிரேடு பாதிப்பு! வீட்ல யாரோ கோதுமை கலக்கறாங்க. அதான் போலீஸைக் கூப்பிட்டேன்."

"சமையல் யாரு?" இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"அம்மாதான் சார்..." என்றான் மகன்.

"அடப்பாவி! பெத்த வயிறு பத்தி எரியுதேடா!"

"ஸ்டேஷன்ல வந்து எரியட்டும். கெளம்புங்கம்மா!"

அந்தக் குடல் துணுக்கைப் பதித்தவள் மெழுகுதான். நேற்று அவசரத்தில் சாய்ந்துவிட்டதோ? சாய்த்துச் சீவினால் நெட்டை விரலும் குட்டையாகத்தானே தெரியும்!

சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் ஒருத்தி உள்ளே போவாள்.

"சார்... தப்பு என்னோடதா இருக்கும். ஒரு மணி நேரம் குடுங்க. நிமித்தி வச்சு மறுபடி சீவறேன்."

டாக்டர் முறைத்த முறைப்பில் மெழுகே உருகியிருக்கும்.

ஒரு மணி நேரம் கழித்து... புது ஸ்லைடு. டாக்டர் குனிந்தார். நிமிரவேயில்லை!

"என்ன சார் ஆச்சு?" இன்ஸ்பெக்டர் பதறினார்.

"அத்தனை விரலும் அட்டென்ஷன்ல நிக்குதுய்யா! ஜீரோ கிரேடு. கோதுமை இந்தப் பக்கமே வரல. மன்னிச்சுடுங்கம்மா."

இன்ஸ்பெக்டர் மேஜைமேலிருந்த தொப்பியை எடுத்துக் கிளம்பினார். மாமியார் முகத்தில் மட்டும் மகிழ்ச்சி இல்லை.

"வரலையா? அதெப்படி? வியாதியெல்லாம் வெறும் நடிப்புனு காட்டத்தானே, தெனம் ரெண்டு ஸ்பூன் கோதுமை மாவை என் கையால சூப்புல கலக்கினேன்!"

தொப்பி மறுபடி மேஜைக்கு வந்தது.

மருமகள் அப்போதுதான் வாயைத் திறந்தாள்.

"சூப் கெட்டியானப்பவே தெரியும் அத்தை. நீங்க அந்தப் பக்கம் திரும்பினதும் வேற கிண்ணத்துல ஊத்திடுவேன்."

"யா... யார் கிண்ணத்துல?"

"உங்க பிள்ளை கிண்ணத்துலதான். எட்டு மாசமா டபுள் சூப். ஆளைப் பாத்தா தெரியலையா?"

எல்லாக் கண்களும் மகனின் சட்டைக்குத் தாவின. நடுப்பொத்தான் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தது.

அவன் தாயைப் பார்த்தான். தாரத்தைப் பார்த்தான். வயிற்றை எக்கிக்கொண்டு வெளியே நடந்தான்.

ஒரு வார்த்தை பேசவில்லை. பொத்தான்தான் பேசியது...

'டக்!'