கல்லறை மேல் நித்திரை

மார்ச் பனி முழங்கால் அளவு கிடந்தது. அல்போன்சம்மாவின் கல்லறை மேல் மட்டும் ஓர் ஆள் நீளத்துக்குப் பனி கரைந்து, ஈரமண் கறுப்பாய்த் தெரிந்தது. மனைவியைப் புதைத்து ஐந்து மாதம். அருமைராசா கையுறையைக் கழற்றி மண்ணைத் தொட்டுப் பார்த்தார். சூடு. ஆள் எழும்பிப் போன பாயின் சூடு.

கடைசி மகள் லக்சனா பல்கலைக்கழகத்தில் லத்தீன் படிக்கிறாள். முந்தின நாள் செயின்ட்-மிஷேலில் உள்ள வீட்டில் தேத்தண்ணி குடிக்கும்போது அவள்தான் அந்தக் கதையை எடுத்தாள்.

“அவுகிலே எண்டு ஒரு சனமப்பா, அந்தக் காலத்திலை லிபியாப் பாலைவனத்திலை இருந்தவை. செத்த ஆக்கள்தான் அவைக்குத் தெய்வம். ஏதும் கேக்கோணுமெண்டால் கல்லறை மேலை படுத்து நித்திரை கொள்ளுவினமாம். வாற கனவுதான் மறுமொழி.”

“ஆர் சொன்னது? அந்தச் சனமோ?”

“இல்லை, ரோமாபுரிக்காரர் எழுதி வைச்சது.”

“பாத்தியே. உயிரோடை இருக்கிற எங்களைப் பற்றியே பொய் எழுதுறாங்கள்.”

“லத்தீன் பூசையை விளங்காமலே நம்பின ஆள்தானே நீங்கள், இதையும் நம்புங்கோவன்!”

அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. மேசையில் போன வருடம் கொழும்பிலிருந்து வந்த கடதாசி கிடந்தது. கடைசிச் சண்டையில் காணாமல் போன மூத்த மகன் டினோஜனுக்கு மரணச் சான்றிதழ் தருவார்களாம். தகப்பன் கையெழுத்து வைக்க வேண்டுமாம். அல்போன்சம்மா அதைத் தொட விட்டதில்லை. “பிள்ளை இருக்கிறான்” என்று சொல்லிச் சொல்லியே செத்தாள். இப்போது செத்தவர்களோடு இருக்கிறாள். அவன் அங்கே இருக்கிறானா இல்லையா என்று அவளுக்குத்தானே தெரியும்? இன்று காலை மகள் வகுப்புக்குப் போனதும் பஸ் பிடித்துக் கல்லறைக்கு வந்துவிட்டார்.

குப்புறப் படுத்தார். நெடுஞ்சாலை இரைச்சல் மெல்ல மெல்லத் தேய்ந்து, உருகும் பனியின் வாசம் போய், மெழுகுதிரி அணைந்த புகையின் வாசம் வந்து, அதற்கும் அடியிலிருந்து அவள் தலைக்கு வைக்கும் எண்ணெயின் வாசம் கிளம்பியது. காதை மண்ணில் அழுத்தினார்.

“எடியே, டினோஜன் உன்னோடையோ?”

கண் சொருகியது. கீழே மூச்சுக் கேட்டது. அவளுடைய இளைப்பு. ஆனால் அவள் மேலே பார்த்துக் கிடக்கவில்லை. அவளும் குப்புறக் கிடந்தாள். தனக்கும் கீழே உள்ள யாரையோ கேட்டுக்கொண்டிருந்தாள்.

“டினோஜன் அங்கையோ?”

அவளுக்கும் தெரியாது.

எழும்ப உன்னினார். முதுகில் பாரம். ஓர் ஆள் பாரம். தோள்களுக்கு நடுவே ஒரு காது வந்து ஒட்டியது. ஒரு குரல் கேட்டது; ஆம்பிளைக் குரலாய்த் தடித்துப் போயிருந்தது. பெற்றவருக்குத் தெரியாதா?

“அப்பா, அம்மா உங்களோடையோ?”

மகன். உயிரோடு. மேலே.

ஓமடா என்று கத்த வாய் திறந்தார். வாய் நிறைய மண்.

அவன் காத்திருந்தான். வெகுநேரம். பிறகு காது எடுபட்டது.

பனியில் காலடி. இன்னொன்று. தூரத்தில் இன்னொன்று.