வலப்பக்கம் கிடந்த மவுஸ்

காலை 8.50.

நாற்பத்தொரு குரல்கள் காணாமல் போயிருந்தன.

டயர் கடைக்கு மேலே இரண்டு அறை, நான்கு பேர். அதுதான் அந்த வீடியோ கேம் நிறுவனம். சுட்டுத் தள்ளும் கேம் செய்து பெரிய ஆளாகியிருக்கலாம். இவர்களுக்கு ஊர் வம்புதான் பிடித்தது. இந்த முறை செய்திருந்தது, ஓர் ஆலையில், தகட்டை அழுத்தி வெட்டும் பிரஸ் மெஷினில் ஒரு ஷிப்ட் வேலை பார்க்கும் கேம். கை உள்ளே போகாமல் தடுக்கும் வலையைக் கழற்றிவிட்ட மெஷின். ஆட்டத்தின் நடுவே, அங்கே விரலை இழந்தவர்கள் பேசுவார்கள். பதினொரு மணிக்கு நகர மண்டபத்தில் பொது விசாரணை. அதிகாரிகள் முன்னால் கேமை ஓட்டிக் காட்ட வேண்டும்.

பேசியவர்களில் நாற்பது பேர் இன்னும் அதே ஆலையில் வேலை செய்கிறார்கள். ஆள் தெரியாமலிருக்கக் குரலை மாற்றியிருந்தார்கள். மாற்றியது, மாற்றாதது எல்லாமே பின்னறைக் கணினியில் மட்டும்தான். இணைய இணைப்பு கிடையாது, இன்னொரு பிரதி கிடையாது. அது அந்த நாற்பது பேர் போட்ட நிபந்தனை.

இப்போது அந்தக் கணினியில் குரல்கள் இருந்த ஃபோல்டர் துடைத்து வைத்ததுபோல் இருந்தது. பின் ஜன்னல் திறந்து கிடந்தது.

"நேத்து சாயங்காலம் ஆலையிலேருந்து ஒரு கோட்டுக்காரர் வந்து மிரட்டிட்டுப் போனாரே, அவர் வேலைதான்," என்றாள் தலைவி. நிறுவனம் அவளுடையது; ஒலிப்பதிவு அவள் கணவருடையது.

"நேரங்கூட இருக்கு," என்றான் நிரல் எழுதும் நெட்டை. அந்தக் கணினியில் விழும் ஒவ்வொரு கிளிக்கும் பதிவாகும். கேமைச் சோதிக்க வைத்த ஏற்பாடு. "எட்டு பன்னண்டுக்கு யாரோ வந்திருக்காங்க. பதினாறு கிளிக். எல்லாம் போச்சு. மவுஸைப் பாருங்க, வலது பக்கம் கெடக்கு. நம்ம ஆளா இருந்தா இடது பக்கம்தானே வெப்பாங்க?"

உண்மைதான். ஒற்றைக் கையால் ஆடும் கேம் என்பதால் அந்தக் கணினிக்கு விசைப்பலகையே இல்லை. மவுஸ் மட்டும், அதுவும் இடது பக்கம்.

நான்காவது ஆள் கணினிப் பக்கம் போனாள். கேமில் குறை கண்டுபிடிப்பது அவள் வேலை. கண்டுபிடித்துவிட்டு விடமாட்டாள் என்பதால் பெயர் குடைச்சல். பன்னிரண்டு வருடம் அதே ஆலையில் உழைத்து, வலது கையின் மூன்று விரல்களை அங்கேயே கொடுத்துவிட்டு வந்தவள். நாற்பத்தொன்றாவது குரல் அவளுடையது.

அவள் உட்கார்ந்து மவுஸை இடது பக்கம் நகர்த்தினாள். ஆள்காட்டி விரலால் பதிவைத் திறந்து வரிவரியாகப் படித்தாள். நேற்றுவரை நடுவிரலால் அழுத்தி அழுத்தி விரல் கணு வீங்கியிருந்தது. இன்று வலி இல்லை.

9.10.

"எட்டு பன்னண்டுக்கு யாரு எங்க இருந்தீங்க?"

"எங்களையே கேக்கறீங்களா அக்கா?" தலைவிக்குச் சுருக்கென்றது. "குளிச்சிட்டு இருந்தேன்."

"நான் வெளியில நின்னு கதவைத் தட்டிட்டு இருந்தேன்," என்றார் அவள் கணவர், ஒலிப்பதிவுக்காரர்.

"பஸ்ல," என்றான் நெட்டை.

"சரி. ஒவ்வொருத்தரா வந்து அந்த ஃபோல்டரைத் திறங்க."

தலைவி மவுஸைப் பிடித்து இரண்டு முறை தட்டினாள். ஃபோல்டர் திறக்கவில்லை, ஏதோ பட்டியல் விரிந்தது. "என்ன எழவு இது!" அவள் கணவர் நாலு முறை தட்டினார். நாலு முறையும் அதே பட்டியல்.

நெட்டை தட்டினான். முதல் தட்டிலேயே திறந்தது.

குடைச்சல் அவன் பக்கம் திரும்பினாள்.

"நேத்து ஆறரைக்கு நீங்க ரெண்டு பேரும் கெளம்பிட்டீங்க," என்றாள் குடைச்சல். "அப்புறம்தான் விரல் வலிக்குதுன்னு மவுஸ்ல இடது பட்டன் வேலையை வலது பட்டனுக்கு மாத்தித் தரச் சொன்னேன். மாத்திக் குடுத்தது இவன். ஜன்னல் வழியா வந்த கோட்டுக்காரர் இதைத் தொட்டிருந்தா ஒரு தடவையாவது தப்பான பட்டனை அழுத்தியிருப்பார். பதிவுல பதினாறு கிளிக். ஒண்ணுகூடத் தப்பல. மாத்தினது தெரிஞ்சவங்க ரெண்டே பேர். நான் அழிக்கல."

"அக்கா, நான்..."

"மவுஸை வலது பக்கம் நகர்த்தணும்னு தோணிச்சு. வெளியாள் தடுமாறுவான்னு தோணல பாரு."

நெட்டை முகத்தை மூடிக்கொண்டான். சட்டைப்பையிலிருந்து ஒரு பென் டிரைவ் வந்தது. நாற்பத்தொரு குரலும் அதில். பத்தரைக்குக் கோட்டுக்காரர் கையில் சேர வேண்டியது.

"எங்க அண்ணன் அங்க சூப்பர்வைசர். வலையைக் கழட்டினது அவன். யாராவது அவன் பேரைச் சொல்லிட்டா ஜெயிலுக்குப் போயிடுவான். இதைக் குடுத்தா அவனைக் காப்பாத்தறேன்னாங்க."

"அதுக்கு நாப்பது பேர் பொழப்புல மண்ணைப் போடுவியா?" தலைவி கத்தினாள்.

குடைச்சல் கத்தவில்லை. "நாப்பத்தொரு பேர்ல ஒருத்தரும் உங்க அண்ணன் பேரைச் சொல்லல தம்பி. கழட்டச் சொன்ன முதலாளி பேரைத்தான் சொன்னாங்க. ரெண்டு வருஷமா இந்த கேமை எழுதற, ஒரு நாள் காது குடுத்துக் கேட்டிருக்கலாம்."

அவன் அழுதான். அவளுக்கும் அழுகை வந்தது. ஆத்திரத்தில் அடக்கிக்கொண்டாள்.

9.40.

குரல்கள் திரும்பி வந்தன. ஒலிப்பதிவுக்காரர் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது குடைச்சல் சொன்னாள்: "என்னோடதை மட்டும் மாத்தாத குரல்ல போடுங்க. பேரோட."

"வேணாம் அக்கா," என்றாள் தலைவி. "உங்களைச் சும்மா விடமாட்டாங்க."

"நானும்தான் விடமாட்டேன்."

11.20.

மண்டபம் நிறைந்திருந்தது. முதல் வரிசையில் கோட்டுக்காரர், பென் டிரைவ் வராத எரிச்சலில் கைபேசியைத் தட்டிக்கொண்டிருந்தார். திரையில் மெஷின் இறங்கியது. அடையாளம் மாற்றிய குரல்கள் ஒவ்வொன்றாகப் பேசின. கடைசியில் எந்த ஒட்டுவேலையும் இல்லாமல் ஒரு பெண்ணின் குரல் தன் பெயரைச் சொன்னது. பிறகு முதலாளியின் பெயரைச் சொன்னது.

கோட்டுக்காரர் சட்டென்று எழுந்தார். "இதெல்லாம் ஜோடிச்சது! யாரு இந்தப் பொம்பள?"

பின்வரிசையில் குடைச்சல் எழுந்தாள். இரண்டு விரல் மிச்சமிருந்த வலது கையை எல்லோரும் பார்க்க உயர்த்தினாள்.

"நான்தான்," என்றாள். "உக்காருங்க. இன்னும் முடியல."