ஐஸ் பெட்டிக்குள் ஒரு தும்மல்

தனுஜாவுக்குப் பசியில் வயிறு இழுத்துப் பிடித்தது. அம்மா வேலையை முடித்தால்தான் வீட்டுக்குப் போகலாம், சோற்றைக் கண்ணால் பார்க்கலாம்.

அம்மா பாலாம்பிகைக்கு வேலை, கண்டி ஸ்டேஷனுக்குப் பின்னால் உள்ள சாமான் கொட்டகையில். ரயிலில் கொழும்புக்குப் போகும் கோழி இறைச்சிப் பெட்டிகளுக்கு லேபல் ஒட்டுவாள். இறைச்சி ஏற்றும் ரயில் பெட்டி வெள்ளையாக இருக்கும். ஜன்னல் கிடையாது. கதவு ஒரு சாண் தடிப்பு. உள்ளே தண்ணீர் சிந்தினால் கட்டியாகிவிடும். எல்லோரும் அதை ஐஸ் பெட்டி என்பார்கள். சுமை ஏற்றுபவர்களில் ஒல்லியான ஸிபான் நானாவைத்தான் மூலையில் இறைச்சிப் பெட்டிகளை அடுக்க உள்ளே அனுப்புவார்கள்.

சில நாட்களில் கதவைச் சாத்திய பிறகு ஐஸ் பெட்டிக்குள் ஏதோ தட்டுமாம். குளிரில் இரும்பு சுருங்கும் சத்தம் என்று இன்ஜின் டிரைவர் சொன்னதை ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தட்டினால் பதில் கொடுக்கக் கூடாது, கொடுத்தால் அது வீடு வரைக்கும் கூடவே வந்துவிடும் என்று மேற்பார்வையாளர் சண்முகநாதன் மாமா தனுஜாவிடம் கண்ணை உருட்டிச் சொல்லியிருந்தார்.

அன்று மாலை மூடுபனி தண்டவாளத்தை விழுங்கியிருந்தது. மழை வலுத்ததும் சுமை ஏற்றியவர்கள் தேத்தண்ணிக் கடைக்கு ஓடினார்கள். சண்முகநாதன் மழையைத் திட்டிக்கொண்டே அவசர அவசரமாகக் கதவைச் சாத்தி, இரும்புப் பிடியை இறக்கினார். இனி இன்ஜின் வந்து பெட்டியைக் கொளுவி இழுத்துப் போக வேண்டியதுதான் பாக்கி.

டொக். டொக்.

தனுஜா திரும்பிப் பார்த்தாள். சண்முகநாதன் மாமாவின் முகம் வெளுத்துப் போயிருந்தது. எதுவும் கேளாதவர் மாதிரி குடையை விரிக்கப் பார்த்தார். அது விரியவில்லை. விரியாத குடையையே தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு கடைப் பக்கம் நடந்தார். பாதி வழியில் நடை ஓட்டமாகிவிட்டது.

டொக். இந்தத் தடவை மெதுவாக.

தனுஜாவின் கால்களும் ஓடத்தான் பார்த்தன. ஆனால் கண் கதவின் அடியில் நின்றது. அங்கே ஐஸ் உருகிய தண்ணீர் வடிய ஒரு துளை உண்டு. அதிலிருந்து வெள்ளைப் புகை விட்டு விட்டு வந்தது, யாரோ மூச்சு விடுவது போல. குனிந்து காதை வைத்தாள். குளிர் காதைக் கடித்தது.

உள்ளே யாரோ தும்மினார்கள்.

தனுஜா யோசித்தாள். பேய் தட்டும், அழும், சிரிக்கும். பேய்க்குத் தடிமன் பிடித்ததாக இதுவரை யாரும் சொன்னதில்லை.

துளையில் வாயை வைத்து, கொடுக்கக் கூடாத பதிலைக் கொடுத்தாள். “யாரு?”

உள்ளிருந்து தேய்ந்த குரல் வந்தது. “நான்தான் மகள். ஸிபான்.”

பிடியில் தொங்கிப் பார்த்தாள். அது அசையவில்லை. மூடுபனிக்குள் எங்கோ இன்ஜின் கூவியது. அம்மாவிடம் ஓடினாள்.

அம்மா நம்பவில்லை. “பசி மயக்கத்துல உளறாதடி. ஆளை எண்ணிட்டுத்தான் அவரு கதவைச் சாத்துவாரு.”

“இன்னைக்கு எண்ணலம்மா. பேய் தும்முமா? நீங்களே சொல்லுங்க.”

அம்மா கையில் இருந்த லேபலோடு எழுந்தாள். பிறகு தனுஜாவுக்கு முன்னால் ஓடினாள்.

இருவரும் சேர்ந்து தொங்கியதில் பிடி முனகிக்கொண்டு மேலே வந்தது. புகைக்குள் ஓர் உருவம் நின்றது. புருவம் வெள்ளை, மீசை வெள்ளை, உதடு நீலம். இருவரும் தங்களை அறியாமல் பின்வாங்கினார்கள். உருவம் இன்னொரு தும்மல் போட்டது. அம்மா பாய்ந்து போய்ப் பிடித்துக்கொண்டாள்.

கடையிலிருந்து ஓடிவந்தவர்கள் சாக்குகளைப் போர்த்தி, சூடான பிளேன்டீயை வாயில் வைத்தார்கள். அம்மாவின் கையிலிருந்த லேபல் ஸிபானின் தோளில் ஒட்டியிருந்ததை யாரோ சத்தமாக வாசித்தார்: ‘உறைநிலையில் வைக்கவும்.’ நடுங்கிக்கொண்டே ஸிபானும் சிரித்தார். கதவின் உள்பக்கப் பிடி ஐஸில் இறுகிவிட்டதாம். கொழும்பு போய்ச் சேரும்வரை கதவை யாரும் திறந்திருக்க மாட்டார்கள்.

கூட்டம் கலைந்த பிறகு ஸிபான் தனுஜாவிடம் மெதுவாகச் சொன்னார். “வெளிய சண்முகநாதன் ஐயாட கொரல் துளை வழியா கேட்டிச்சு மகள். அதான் தட்டினேன். அவர் ஓடுற சத்தமும் கேட்டிச்சு.”

இப்போதெல்லாம் சண்முகநாதன் மாமா கதவைச் சாத்துமுன் ஆட்களை இரண்டு தடவை எண்ணுகிறார். சில நேரம் தனுஜாவையும் சேர்த்து எண்ணிக் குழம்பிப்போகிறார். மாலையானால் ஸிபான் நானாவுக்கு முன்னால் பிளேன்டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, முகத்தைப் பார்க்காமல் திரும்பிப் போகிறார்.

“சொல்லிட்டாரா நானா?” என்று தனுஜா கேட்டாள்.

“இல்ல மகள். பிளேன்டீ மட்டும்தான் வருது.”

உள்ளே பார்க்காமல் சாத்தியதற்கு ஒன்று, தட்டியது கேட்டும் ஓடியதற்கு ஒன்று. சண்முகநாதன் மாமா ஸிபான் நானாவிடம் கேட்க வேண்டிய மன்னிப்பு இரண்டும் இன்னும் பாக்கி.