வெயிலில்லாத வெந்நீர்

சமையலறைக் குழாயைத் திறந்ததும் ஆவி அவள் முகத்தில் அடித்தது. நியாயமாக அது நடந்திருக்கவே கூடாது. மழை பிடித்துக்கொண்டதிலிருந்து வெயில் தலைகாட்டவே இல்லை. மொட்டை மாடியில் சோலார் ஹீட்டரின் கண்ணாடிக் குழல்கள் கருத்த வானத்தைப் பார்த்தபடி நனைந்துகொண்டிருந்தன. மாடிப்படிக்குக் கீழே, தொட்டியின் சூட்டைக் காட்டுகிற சின்னப் பெட்டியில் சிவப்பாக ஐம்பத்தெட்டு எரிந்தது. காலையில் முப்பதைக்கூடத் தாண்டவில்லை.

"பாப்பா, குழாய்ல கை வெச்சிடாத!" என்று மகளைக் கூப்பிட்டாள்.

பதில் மாடியிலிருந்து வந்தது. "நான் இங்க இருக்கேம்மா. சித்தி தலை பின்னி விடறாங்க. உன்ன மாதிரி இல்ல, வலிக்கவே இல்ல!"

சித்தி என்றால் கொழுந்தனின் மனைவி. வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. மூத்த மருமகளான இவள் மாடாக உழைத்தும் வாங்காத நல்ல பெயரை, சின்னவள் சிரித்தே வாங்கிவிட்டாள். மாமியார் அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினாள், போகட்டும். கணவன் அவள் போட்ட காபியை மறுபடி கேட்டு வாங்கிக் குடித்தான், அதுவும் போகட்டும். பெற்ற பெண்ணுமா?

வயிறு எரிந்தது. தலைக்கு மேலே குழாய்களுக்குள் தண்ணீர் களக் களக் என்று முனகியது.

மறுநாள் மெக்கானிக் வந்தார். "மழைக்காலத்துல தொட்டிக்குள்ள இருக்கிற கரண்ட் காயில்தான் சூடாக்கும் மேடம். சூடு போதும்னு சென்சார் சொன்னா தெர்மோஸ்டாட் அதை நிறுத்தணும். ரெண்டுல ஏதோ ஒண்ணு போயிருக்கு." இரண்டையும் மாற்றினார். சந்தேகத்துக்குக் காயிலின் ஒயரையே கழற்றிவிட்டார். கண்ணாடிக் குழல்கள்மேல் தார்ப்பாயைப் போர்த்திக் கட்டினார். பெட்டியில் எண் இறங்கத் தொடங்கியது.

அப்போது சின்னவள் டீ கொண்டுவந்தாள். "ஹீட்டருக்கே குளிருதா, போர்வையெல்லாம் போர்த்தறீங்க?" என்றாள். மெக்கானிக் விழுந்து விழுந்து சிரித்தார். "உங்க தங்கச்சி இருந்தா வீடே கலகலன்னு இருக்கும் மேடம்."

மூத்தவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

எண் ஏறியது. அறுபது. அறுபத்தாறு.

மெக்கானிக் குழாயடியில் விரலை நீட்டிச் சட்டென்று இழுத்துக்கொண்டார். முகத்தில் சிரிப்பு இல்லை. "வெயிலும் இல்ல, கரண்டும் இல்ல. எங்கேருந்து மேடம் சூடு வருது?"

தொட்டியை முழுக்கத் திறந்துவிட்டுப் பச்சைத் தண்ணீர் ஏற்றினார். எண் இருபத்தைந்துக்கு வந்ததும், ஆறிப்போன டீயைத் தொடாமலே பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

சாயங்காலம் வரை வீடு அமைதியாக இருந்தது. மாமியார் உறவுக்காரர் வீட்டுக்குப் போயிருந்தாள். ஆண்கள் வேலையிலிருந்து திரும்பவில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து மகளைக் கூட்டிவரப் போன சின்னவள், அவளோடு சேர்ந்து தொப்பலாக நனைந்து வந்தாள். ஈரச் செருப்புகளின் சத்தமும் சிரிப்பும் ஒன்றாகப் படியேறின.

"பாப்பா, இங்க வா. அம்மா குளிப்பாட்டி விடறேன்."

"நீ கண்ணுல சோப்பு போட்டுடுவ. நான் சித்திகூடத்தான் குளிப்பேன்."

"விடுங்கக்கா, நான் பாத்துக்கறேன்" என்றாள் சின்னவள்.

மாடியில் குளியலறைக் கதவு சாத்திக்கொண்டது. தண்ணீர் விழும் சத்தம். அதற்கு மேல் மகளின் சிரிப்பு. பெற்றவளிடம் ஒருநாளும் சிரிக்காத சிரிப்பு.

அவள் பெட்டியைப் பார்த்தாள். இருபத்தைந்து, முப்பத்தொன்றானது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே நாற்பது. அடிவயிற்றில் அந்தப் பழகிய எரிச்சல் மேலே ஏற ஏற, எண்ணும் கூடவே ஏறியது. அவளுக்குப் புரிந்துவிட்டது.

வெந்நீர் வால்வை இறுக மூடினாள். மேலே தண்ணீர் நிற்கவில்லை.

நல்லதாக எதையாவது நினைக்க வேண்டும். சின்னவள் நல்லவள். நான் காய்ச்சலில் கிடந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து கஞ்சி கொடுத்தாள். ஆமாம், கொடுத்தாள். அதைப் பார்த்துத்தானே கணவன், "இவளுக்கு எவ்வளவு பொறுமை பாரு" என்றான்.

எழுபது.

படிகளில் ஓடினாள். சுவருக்குள் குழாய்கள் அதிர்ந்தன. காற்றில் சுட்ட சுண்ணாம்பு வாடை. கதவிடுக்கில் ஆவி பொங்கியது. கைப்பிடியைப் பிடித்தாள். உள்ளங்கை பொசுங்கியது.

"வெளிய வாங்க! தண்ணி கொதிக்குது!"

"இல்லையேக்கா." சின்னவளின் குரல். சாவகாசமாக. "ரொம்ப இதமா இருக்கு."

"பாப்பா!"

"நீ போம்மா. நான் சித்திகூடவே இருக்கேன்."

அவள் கதவில் மோதினாள். மறுபடி மோதினாள். திறக்கவில்லை. கதவின் பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக எழுந்து வெடித்தது. அலற வாயைத் திறந்தாள். அந்த நொடியிலும் நெஞ்சில் முதலில் எழுந்தது பயம் அல்ல.

என்னை விட்டுவிட்டு இருவரும் அப்படி என்ன சிரிக்கிறார்கள்?

உள்ளே தண்ணீர் உலைபோலக் கொதித்தது. கதவுக்கு அடியில் ஏதோ வழிந்தது. நீல நிறம். தண்ணீர் மொள்ளும் பிளாஸ்டிக் கப், பாகாக உருகி, அவள் பாதங்களை நோக்கி மெல்ல ஊர்ந்துவந்தது.

உள்ளே ஒருவர்மேல் ஒருவர் தண்ணீர் வாரி இறைத்துக்கொண்டு, இருவரும் சிரித்துக்கொண்டே இருந்தார்கள்.